மூன்று பேருக்கு ஒரு லெப்டொப்

ஆர்ட்ஸ் படிக்கிற பிள்ளைக்கு என்னத்துக்கு லெப்டொப் என்று கேட்கிற ஆட்கள் எங்கட தம்பிலுவிலில் இன்னும் இருக்கிறார்கள். இஞ்சினியரிங் என்றால் சரி, கலைப்பீடத்துக்குக் கொப்பியும் பேனையும் காணும்தானே என்பது அவர்களுடைய கணக்கு. ஆனால் இறுதி வருடத்தில் ஆய்வேடு என்று ஒன்று வருகிறது. அதை ஃபோனில் பெருவிரலால் எழுதிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தப் பாடு தெரியும். பந்திகளை எப்படியாவது எழுதிவிடலாம். அடிக்குறிப்பு, அட்டவணை, பக்க எண் என்று போகும்போது ஃபோன் கைவிட்டுவிடும். கொமினிகேசனில் டைப் பண்ணக் கொடுத்தால் பக்கத்துக்குக் காசு. மேற்பார்வையாளர் திருத்தித் தந்தால் அந்தத் திருத்தத்துக்கும் காசு.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இன்னொரு தொல்லையும் இருக்கிறது. கொமினிகேசன் கடைகளில் இன்றைக்கும் பாமினியில்தான் அடிக்கிறார்கள். பாமினி ஆங்கில எழுத்துகளுக்கு மேல் தமிழ் உருவத்தைப் போர்த்துகிற எழுத்துரு. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ‘தமிழ்’ என்ற சொல்லே ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்றுதான் தெரியும். எங்களில் ஒருத்தி அனுப்பிய முதல் அத்தியாயம் அவளுடைய மேற்பார்வையாளரின் கணினியில் அப்படித்தான் திறந்தது. யுனிகோடில் நாங்களே அடிப்பது என்று அன்றைக்கு முடிவெடுத்தோம். அதற்குக் கணினி வேண்டும்.

புதிது வாங்குகிற நிலை எங்களுக்கு இல்லை. 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாயாக இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தாண்டியது. பிறகு இறங்கினாலும் பழைய இடத்துக்கு வரவில்லை. மூன்று பேரில் இரண்டு பேருக்கு மகாபொல, ஒருத்திக்கு பர்சரி. 2025 வரவுசெலவுத் திட்டத்தில் மகாபொல 5,000 ரூபாயிலிருந்து 7,500ஆகவும், பர்சரி 4,000 ரூபாயிலிருந்து 6,500ஆகவும் கூடியது. போர்டிங், சாப்பாடு, பஸ் எல்லாம் போக அதில் மிச்சம் பிடிப்பது லேசில்லை. கடன் எடுப்பதில்லை என்பதை மட்டும் முதலிலேயே பேசிக்கொண்டோம். வாரக் கடன் கட்டுகிற வீடுகளில் அந்தக் கிழமை விடிகிற விதத்தை நாங்கள் சின்னதிலிருந்து பார்த்திருக்கிறோம். மூன்று பேரும் சேர்ந்து ஒன்று வாங்குவது, அதுவும் ரீஃபர்பிஷ்ட் வாங்குவது என்று வந்து நின்றோம்.

ரீஃபர்பிஷ்ட் என்பது பெரும்பாலும் வெளிநாட்டுக் கம்பனிகள் மூன்று நாலு வருடம் பாவித்துவிட்டுக் கழித்த லெப்டொப்தான். திங்பேட், லெட்டிடியூட், எலிட்புக் போன்றவை அலுவலகப் பாவனைக்கென்று செய்தவை. வீட்டுப் பாவனைக்கு வருகிற மலிவான புது லெப்டொப்பைவிட உடம்பு உறுதி, கழற்றித் திருத்துவதும் சுகம். கடைகளில் சொல்கிற ‘ஏ கிரேட்’ பெரும்பாலும் வெளித்தோற்றத்துக்கான மார்க். உள்ளே இருக்கிற பட்டரியின் வயதை அது சொல்லாது.

நாங்கள் முதலில் போன கடையில் விண்டோஸ் 11 போட்ட ஒன்றைக் காட்டினார்கள். விலையும் குறைவு. ஸ்டிக்கரை உரித்திருந்தார்கள். செட்டிங்ஸில் பார்த்தால் ஐ5-7200. இன்டெல் இலக்கத்தில் கோட்டுக்குப் பிறகு வருகிற 7 தலைமுறையைக் குறிக்கிறது. விண்டோஸ் 11க்கு, ஒன்றிரண்டு விதிவிலக்குகள் போக, எட்டாம் தலைமுறையாவது வேண்டும். சோதனையைத் தாண்டிப் பழையதிலும் ஏற்றிவிடலாம், ஆனால் அப்டேட் வரும் என்று மைக்ரோசொஃப்ட் உத்தரவாதம் தராது. விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவும் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. கழிக்கப்பட்ட ஏழாம் தலைமுறை லெப்டொப்புகள் எங்களைப் போன்றவர்களைத் தேடித்தான் வருகின்றன. “யோசிச்சிட்டு வாறம்” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தோம்.

கல்முனையில் இன்னொரு கடையில் திங்பேட் டி480 ஒன்று இருந்தது. எட்டாம் தலைமுறை, 8 ஜிபி ரெம், 256 ஜிபி எஸ்எஸ்டி. ஒரு மணித்தியாலம் அதோடேயே இருந்தோம். கமாண்ட் ப்ரொம்ப்டில் பவர்சிஎஃப்ஜி பட்டரிரிப்போர்ட் கட்டளையைக் கொடுத்தோம். அந்த மாடலில் இரண்டு பட்டரி, ஒன்று உள்ளே, ஒன்று கழற்றக்கூடியது. இரண்டும் சேர்ந்து புதிதில் 48,000 மில்லிவாட் மணி, இப்போது 31,000. போனது பெரும்பாலும் கழற்றக்கூடியதில் என்பதால் பிறகு மாற்றலாம். பயோஸுக்குள் போய்ப் பழைய கம்பனியின் பாஸ்வேர்ட் இல்லை என்று பார்த்தோம். ஒவ்வொரு கீயையும் அடித்தோம். யூஎஸ்பி துவாரம் எல்லாவற்றிலும் பென் குத்தினோம். வெள்ளைத் திரையில் கறை தேடினோம்.

“தங்கச்சி, கலியாணத்துக்கு மாப்பிள கூட இப்பிடிப் பாக்கமாட்டாங்க” என்றார் கடைக்காரர்.

“மாப்பிளைக்கு வாரண்டி இல்லையே நானா” என்றாள் எங்களில் வாய்க்காரி. அவர் சிரித்துவிட்டு 85,000ஐ 82,500 ஆக்கினார். மூன்று மாத வாரண்டியைப் பில்லிலேயே எழுதித் தந்தார். ஆளுக்கு 27,500. ஒருத்தி மிச்சம் பிடித்த மகாபொல, ஒருத்தியின் அம்மாவுக்கு விழுந்த சீட்டு, ஒருத்தி ரியூஷன் கொடுத்த காசு.

வாங்குவதைவிடப் பங்கிடுவதுதான் கஷ்டம். ஆளுக்கு இரண்டு நாள், ஞாயிற்றுக்கிழமை யாருக்கு அவசரமோ அவளுக்கு என்று எழுதி வைத்தோம். மூன்று பேருக்கும் சமர்ப்பிக்கிற திகதி ஒன்று. கடைசிக் கிழமை இரவுகளையும் மூன்றாகப் பிரித்திருக்கிறோம். சண்டை வராமல் இல்லை. ஒருத்தி தூங்கிவிட்டால் மற்றவள் அவளுடைய அடிக்குறிப்பைச் சரிபார்க்கிறாள் என்பதும் நடக்கிறது. மூன்று ஆய்வேடுகளையும் மூன்று பேரும் வாசித்திருக்கிறோம். தனித்தனி லெப்டொப் இருந்திருந்தால் அது நடந்திருக்குமா தெரியாது.

பட்டம் முடிந்தபிறகு அது யாருக்கு என்று இன்னும் பேசவில்லை. எங்களில் ஒருத்தியின் தங்கச்சி அடுத்த வருடம் ஏ.எல். எடுக்கிறாள், அவளும் ஆர்ட்ஸ்தான். அவளுக்குக் கொடுப்பதென்றால் பட்டரியை மாற்றிக் கொடுக்க வேண்டும். அதற்கு மாதம் ஆளுக்கு 500 ரூபாய் போடத் தொடங்கியிருக்கிறோம்.