இறக்காமத்து இருட்டுச் சாலை

கல்முனையிலிருந்து தெற்கே கடலோரமாகச் செல்லும் பெருஞ்சாலையில் காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என ஊர்கள் நிரல்பட அமைந்துள்ளன. அங்கே இரவிலும் கடைகளின் ஒளி வழிப்போக்கனுக்குத் துணை வரும். மேற்கே திரும்பி உள்நாட்டை நோக்கிச் செல்வோமாயின் காட்சி வேறு. வயலும் குளமும் பற்றைக்காடும் மாறி மாறி வருகின்றன. அங்கேதான் இறக்காமம் இருக்கிறது.

அம்பாறை நகருக்குத் தென்கிழக்கே, பெருங்குளமொன்றின் அருகில் அமைந்த முஸ்லிம் உழவர் ஊர் இது. அயலிலேயே பழம்பெரும் பௌத்தத் தலமாகிய தீகவாபி. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் பட்டிப்பளை ஆற்றை இங்கினியாகலையில் மறித்தது; சேனநாயக்க சமுத்திரம் உருவாயிற்று; இவ்வட்டாரத்தில் காடு பல வயலாயின. 1954இல் அந்நீர்த்தேக்கத்தைச் சூழ்ந்த வனம் தேசியப் பூங்காவாயிற்று. புல்வெளியில் ஆங்காங்கே மரம் நிற்கும் இத்தகைய நிலத்தை ஆங்கிலேயர் ‘பூங்கா நாடு’ என்றனர். கடுக்காய், தான்றி, நெல்லி என்னும் திரிபலை மரங்கள் மூன்றையும் அங்கே காணலாம். ஆயினும் பூங்காவின் எல்லைக்கல் யானைக்குத் தெரியுமா? கதிர் முற்றும் காலத்தில் அது வயலைத் தேடி வருகிறது.

நாம் மாலை மங்கும் வேளையில் இவ்வழியே சென்றோம். கதிரவன் மறைந்ததும் குளக்கட்டு மருத மரங்கள் கரிய மதில்போல் நின்றன. விளக்குக் கம்பம் இல்லாத நெடுந்தூரத்தில், வட்டையிலிருந்து திரும்பும் உழவரும், மாலை வகுப்பு முடித்த மாணவரும், இஷாத் தொழுகைக்குச் செல்வோரும் நடந்தும் துவிச்சக்கரவண்டியிலும் போய்க்கொண்டிருந்தனர். முதிய உழவர் ஒருவரிடம் யானைப் பயம் பற்றிக் கேட்டோம். “யானை கிட்ட வந்தா மணம் காட்டிக் குடுக்கும் சேர். வாகனம் அப்படியா? வெளிச்சத்தக் கண்டு ஒதுங்கக்குள்ள அது நம்மளத் தாண்டிப் போயிரும்” என்றார்.

அவர் சொல்லில் கணக்கும் இருக்கிறது. மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் வாகனம் ஒரு வினாடியில் ஏறத்தாழ 17 மீற்றர் கடக்கும். சாரதி கண்டு, காலை அழுத்தி, வண்டி நிற்பதற்குள் 40 மீற்றர் போய்விடும். தாழ்த்திய முன்விளக்கில் கரிய ஆடை அணிந்தவர் அத்தூரத்தில் தெரிவது அரிது. எதிரே மற்றொரு வாகனம் வந்தாலோ அதன் ஒளி கண்ணைக் கூசச்செய்ய, இடையில் நடப்பவர் அறவே மறைந்துபோகிறார். நாம் விளக்கைத் தெளிவாகக் காண்கிறோம்; ஆகவே விளக்குக்காரரும் நம்மைக் காண்கிறார் என்று நம்பிவிடுகிறோம். ஆபத்து இந்நம்பிக்கையிலேயே இருக்கிறது.

1939 செப்டெம்பரில் போர் மூண்டபோது பிரித்தானியாவில் தெருவிளக்குகள் அணைக்கப்பட்டன. அம்மாதச் சாலை மரணங்கள் முந்திய ஆண்டின் அதே மாதத்தைவிட ஏறத்தாழ இரு மடங்காயின. உடனே நடைபாதை ஓரங்களுக்கும் மரங்களுக்கும் வெள்ளை பூசினர். அதற்குச் சில ஆண்டுகள் முன்னர் பேர்சி ஷோ என்பார் அமைத்த, ஒளியைத் திருப்பியெறியும் ‘பூனைக்கண்’ கற்களின் அருமையும் அப்போது புலனாயிற்று. பின்லாந்தில் இருளில் நடப்போர் ஒளிதெறிக்கும் சிறு தகடு அணிய வேண்டுமென முன்னர்ச் சட்டமே கூறியதுண்டு.

இவ்வழிகள் நமக்கும் எட்டாதவை அல்ல. ஊர்மனையிலும் சந்திகளிலும் விளக்கு வேண்டும். அது பொறுப்புள்ள சபைகளின் கடன். வயல்வெளி முழுவதையும் ஒளியூட்டுவதற்குப் பெருஞ்செலவு ஆகும். ஆனால் சாலையோரப் பற்றையை வெட்டி நடக்க இடஞ்செய்வதற்கும், மரங்களுக்கு வெள்ளை பூசுவதற்கும் பெரும்பொருள் வேண்டியதில்லை. நடப்போர் வலப்பக்கமாக, எதிர்வரும் வாகனத்தைப் பார்த்தவாறு நடத்தல் வேண்டும். துவிச்சக்கரவண்டியில் செல்வோர் இடப்பக்கமே செல்லல் வேண்டும். யானை நடமாடும் காலத்தில் தனித்துச் செல்லாதிருத்தல் நன்று. அன்று சக்கரத்தோடு உராய்ந்து சுழன்ற டைனமோ விளக்கு இன்று அருகிவிட்டது. பின்புறச் சிவப்பு வில்லையாவது ஒவ்வொரு வண்டியிலும் இருத்தல் வேண்டும்.

இச்சாலையில் இரவில் நடப்போர் பலர் நம் உணவுக்கு நெல் விளைவிப்போர். மற்றையோர் நாளைய கல்விமான்கள். மாணவச் செல்வங்களே, புத்தகப் பையிற் புத்தகம் வைக்குமுன் அதன் முதுகில் ஒரு முழம் ஒளிப்பட்டி ஒட்டிக்கொள்ளுங்கள். வீட்டு வாசலில் வழிபார்த்து நிற்கும் தாய்க்கு நீங்கள் செய்யும் முதற்பணி அதுவாகும்.