ரெக்கார்டு நோட்டும் டாக்டர் கிரீனும்

மேல்மலையனூர் அமாவாசைக்குப் போற கூட்டம்.
திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து ஒரு பொண்ணு கெமிஸ்ட்ரி ரெக்கார்டு எழுதிட்டிருந்துச்சு.
பக்கத்துல சீனியரோட நோட்டு. எய்ம், ப்ரொசீஜர், ரிசல்ட். அப்படியே இறங்குது.

பினாப்தலீன் ஊத்தின அமிலக் கரைசல் காரத்தோட ஒரே சொட்டில் இளஞ்சிவப்பா மாறும். எந்தச் சொட்டுல மாறிச்சு, நிறம் நின்னுச்சா, மறைஞ்சுச்சா? பார்த்தவளுக்குத்தான் தெரியும். அதை எழுத நோட்டுல இடமில்லை. பன்னிரண்டாவது வரை தமிழ்ல படிச்ச பிள்ளைக்குக் காலேஜ் ரெக்கார்டு இங்கிலீஷ்ல. எழுதக் கத்துக்கொடுக்கிற வேலையை இங்கிலீஷ் துறை கெமிஸ்ட்ரிக்கும், கெமிஸ்ட்ரி துறை இங்கிலீஷுக்கும் தள்ளிவிடுது.



பார்த்ததையும் படிச்சதையும் தமிழ்லயே எழுத வச்ச ஒருத்தர் முன்னாடியே இருந்தார். யாழ்ப்பாணம் மானிப்பாயில் அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிரீன் 1864லயே மருத்துவத்தைத் தமிழ்ல நடத்த ஆரம்பிச்சார். மொழிபெயர்ப்பிலும் மாணவர்களையே இறக்கினார். அவங்க எழுத, அவர் திருத்த, உடற்கூறியலும் அறுவை மருத்துவமும் தமிழ்ப் புத்தகமாச்சு. 1875ல் வந்த வேதியியல் நூலுக்குப் பேரே ‘கெமிஸ்தம்’! பேரைப் பார்த்துச் சிரிக்கலாம். ஆனா பாடம் படிச்சவங்க கையாலேயே பாடம் எழுதப்பட்டுச்சு, அதுதான் பெரிய விஷயம்.

அடுத்த செமஸ்டர்ல ஒரே ஒரு பரிசோதனையை, சீனியர் நோட்டை மூடிவச்சுட்டு, கண்ணால பார்த்தபடி தமிழ்ல எழுதச் சொன்னா எப்படி இருக்கும்?
எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் கையெழுத்துப் போடுவாரா?