30 பைட்டுக்குள் ஒரு பாட்டு

பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் குறுந்தட்டு வாங்கிய காலத்தில், பாட்டின் விவரமெல்லாம் உறையின் பின்பக்கம் இருந்தது. பாட்டு எம்பி3 கோப்பானபின் அந்த வேலை ஐடி3 என்ற குறிப்புக்கு வந்தது. மலேசியத் தமிழ்ப் பாடல்களைத் தொகுக்க நிரல் எழுத உட்காருபவரை முதலில் மல்லுக்கு இழுப்பது அதுதான்.

1996இல் வந்த முதல் வடிவம், கோப்பின் கடைசி 128 பைட். அதில் பாட்டின் பெயருக்கு 30, பாடகருக்கு 30. தமிழுக்கு அதில் இடமே யோசிக்கப்படவில்லை. இருந்தும் சில மென்பொருள்கள் யுடிஎஃப்-8 என்ற யூனிகோட் முறை எழுத்தை அதற்குள் திணிக்கின்றன. அந்த முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். கொம்பும் புள்ளியும் தனிக் கணக்கு.

மலேசியாவின் யோகி பி - நட்சத்திரா குழுவின் 'வல்லவன்' தொகுப்பு 2006இல் வந்தது. அதிலுள்ள 'மடை திறந்து' பாட்டின் பெயரை எண்ணிப் பார்த்தால் 10 குறியீடு, ஓர் இடைவெளி: 31 பைட். ஒரு பைட் கூடுதல்! கடைசி உகரக் குறி அறுபட்டு, 'மடை திறந்த' என்பதன் பின்னால் ஒரு கேள்விக்குறி நிற்கும்.

1998இல் தொடங்கிய இரண்டாம் வடிவம் நீளத் தடையை நீக்கியது. ஆனால் வேறு கண்ணிகளை வைத்தது. அதன் 2.3 பதிப்பில் யுடிஎஃப்-16 உண்டு, யுடிஎஃப்-8 இல்லை. 2000இல் வந்த 2.4 பதிப்பில்தான் அது சேர்ந்தது. ஒவ்வொரு பகுதியின் அளவையும் 2.3 பைட்டுக்கு 8 பிட்டாக எழுதுகிறது, 2.4 பதிப்போ 7 பிட்டாக. 128க்குக் குறைந்த அளவுகள் இரண்டிலும் ஒன்றே. அதனால் சிறிய தலைப்புகளை வைத்துச் சோதித்தால் நிரல் தேறிவிடும்; அட்டைப்படம் வந்ததும் சரிந்துவிடும்.

'யோகி' என்ற பெயரிலும் ஒரு சிக்கல். ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். இரட்டைக் கொம்பு, கால் என இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றுபோல் தெரியும் இரண்டையும் கணினி இரண்டு பாடகர்களாகப் பட்டியலிடும்.

இவற்றைவிட வருத்துவது பெயர்கள் தொலைவது. யோகி பி குழு மறு ஆக்கம் செய்த 'மடை திறந்து' முதலில் 1980இல் 'நிழல்கள்' படத்துக்கு இளையராஜா இசையில், வாலி வரிகளில், எஸ்.பி. பாலசுப்ரமணியம் பாடியது. இசையமைப்பாளர், பாடலாசிரியர், மூலக் கலைஞர், மறு ஆக்கம் செய்தவர் என ஒவ்வொருவருக்கும் இரண்டாம் வடிவத்தில் தனி இடம் உண்டு. ஆனால் பல மென்பொருள்கள் காட்டுவது 'கலைஞர்' என்ற ஒரே கட்டத்தைத்தான். அதில் யோகி பியை எழுதினால் இளையராஜா மறைகிறார். இளையராஜாவை எழுதினால் மலேசியக் குழு மறைகிறது.

முத்து நெடுமாறன் முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருளை உருவாக்கிய நாடு மலேசியா. 2001இல் தமிழ் இணைய மாநாடு நடந்த நகரம் கோலாலம்பூர். இங்கே எழுதப்படும் நிரல், பழைய 128 பைட்டை நீக்கி, ஓகாரத்தை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்து, நால்வருக்கும் உரிய கட்டங்களை நிரப்பட்டும். பழைய கார் பிளேயர்களுக்காக 2.3 பதிப்பில், யுடிஎஃப்-16 எழுத்தில் சேமித்தால் போதும்.