கயிறும் சதுரமும்

பள்ளிக்கூடங்களில் சூழலியல் என்ற பெயரில் நடக்கும் பயிற்சிகளில் மிகவும் செல்வாக்குள்ளது நூற்கண்டு விளையாட்டு. குழந்தைகள் வட்டமாக நிற்கிறார்கள். ஒருவன் சூரியன், ஒருத்தி புல், பிறகு வெட்டுக்கிளி, தவளை, பாம்பு, பருந்து. நூற்கண்டு கை மாறிக் கை மாறி நடுவில் ஒரு வலை உண்டாகிறது. "தவளை செத்துப்போச்சு" என்கிறார் ஆசிரியர். தவளை நூலை விட்டுவிடுகிறது. எல்லோர் கையிலும் தொய்வு தெரிகிறது. ஆகவே, எல்லாம் ஒன்றோடொன்று தொடர்புடையது. மணி அடிக்கிறது.

ஜோசப் கார்னெல் என்ற அமெரிக்கர் 1979ல் வெளியிட்ட சிறு புத்தகத்தில் இது இருக்கிறது. சுற்றுச்சூழலைப் பள்ளிகளில் கட்டாயமாகக் கற்பிக்க வேண்டும் என்று 1991ல் நம் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்குப் பின் வந்த ஆசிரியப் பயிற்சி முகாம் ஒன்றில்தான் நான் இதைப் பார்த்தேன். குழந்தைகள் சந்தோஷப்படுகிறார்கள் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் இந்த வலையில் வாய் கிடையாது. யாரும் யாரையும் தின்பதில்லை. எல்லா இழைகளும் ஒரே கனம். எதை விட்டாலும் ஒரே தொய்வு. ராபர்ட் பெய்ன் 1963 முதல் வாஷிங்டன் மாநிலக் கடற்கரைப் பாறைகளிலிருந்து ஒரே ஒரு வகை நட்சத்திர மீனைத் தொடர்ந்து அகற்றிப் பார்த்தார். சிப்பிகள் இடத்தைப் பிடித்துக்கொண்டன. 15 இனங்கள் இருந்த இடத்தில் 8 மிஞ்சின. எந்த உயிரை எடுத்தாலும் இப்படி நேரும் என்பதில்லை. எது போனால் என்ன ஆகும் என்பதை எடுத்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும். நூற்கண்டுக்கோ விடை முன்கூட்டியே தெரியும். நம்முடைய இயற்கைக் கவிதைகள் பலவற்றில் பறவை வருவதும் இப்படித்தான்: பெயர் இல்லாமல், இரை இல்லாமல், ஒரு கருத்தை மட்டும் அலகில் கவ்விக்கொண்டு.

எங்கள் பள்ளி மைதானத்தின் ஓரத்தில், ஏழாம் வகுப்புக்காக, நாலு குச்சிகளை நட்டுச் சணல் கயிறு கட்டினேன். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர். உள்ளே மண்ணைக் கொத்தி, இருந்ததையெல்லாம் பிடுங்கியாயிற்று. ஐப்பசி மழை தொடங்கியிருந்தது. முளைக்கிற ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஓர் ஈர்க்குச்சி குத்த வேண்டும். செத்தால் குச்சியை எடுத்துவிட்டு நோட்டில் எழுத வேண்டும். அவ்வளவுதான் பாடம். இது என் கண்டுபிடிப்பு அல்ல. 1857ல் டார்வின் தம் வீட்டுத் தோட்டத்தில் மூன்றடி நீளம் இரண்டடி அகலம் நிலத்தைக் கொத்திவிட்டு, முளைத்த களைகளுக்கெல்லாம் குறியிட்டு எண்ணினார். 357 முளைகளில் 295 அழிந்தன, பெரும்பாலும் நத்தை வகையறாவாலும் பூச்சிகளாலும். நூல் வலையில் இல்லாத வாய் இந்த எண்களுக்குள் இருக்கிறது.

பெயர்கள் விஷயத்தில் எனக்கு வேலையே இருக்கவில்லை. குப்பைமேனி, மூக்கிரட்டை, நெருஞ்சி, கோரை, அருகு எல்லாம் அவர்களுக்குத் தெரியும். பாடப்புத்தகத்தில் இவை அத்தனைக்கும் சேர்த்து 'களைகள்' என்று ஒரே சொல். வெட்டுக்காயப் பூண்டை ஒருவன் கசக்கி முழங்கால் சிராய்ப்பில் தேய்த்துக் காட்டினான், அவன் ஆத்தா சொன்ன வைத்தியம். அந்தச் செடி அமெரிக்காவிலிருந்து வந்தது என்றேன். நம்பவில்லை. ஆத்தாவுக்கே தெரியும் சார் இது, என்றான்.

இரண்டாவது வாரம் குச்சிகள் எடுபடத் தொடங்கின. காலையில் வந்தால் தண்டு மட்டும் நிற்கும், பக்கத்தில் ஈரம் காய்ந்த பளபளப்பான தடம். பையன்களில் ஒருவன் தான் குச்சி குத்திய மூன்று முளைகளையும் ஒரே இரவில் இழந்தான். மறுநாள் சீக்கிரமே வந்து, செங்கல்லுக்கு அடியிலிருந்து நத்தையைக் கண்டுபிடித்துவிட்டான்.

"கொன்னுடலாமா சார்?"

வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. கொன்றால் கணக்கு கெட்டுப்போகும் என்றார்கள் சிலர். அது தின்னாமல் எப்படி இருக்கும் என்றாள் ஒருத்தி. ஆனால் அவன் கேட்டது கணக்கைப் பற்றி அல்ல. நான் பதில் சொல்லவில்லை. வெகுநேரம் அதைக் கையில் வைத்திருந்தான், பிறகு கயிற்றுக்கு வெளியே கொண்டுபோய் வைத்தான். வெளியே என்றால் நாலடி தூரம். அது திரும்பி வரும் என்பது அவனுக்கும் தெரிந்திருக்கும்.

அதற்கடுத்த வாரம் மேலதிகாரி ஒருவர் பள்ளியைப் பார்வையிட வருவதாகச் செய்தி. மைதானம் சுத்தமாக இருக்க வேண்டுமல்லவா. சனிக்கிழமை ஆள் வைத்து மண்வெட்டியால் தரையைச் செதுக்கிவிட்டார்கள், கயிறு, குச்சி எல்லாவற்றோடும். அதிகாரி திங்களன்று வந்தார். பசுமைப் பள்ளி என்று எழுதிய அட்டையின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார். பிள்ளைகள் அழவில்லை. பெரியவர்கள் எதையாவது செதுக்கிவிடுவது அவர்களுக்குப் பழக்கமான விஷயம்.

புதன்கிழமை மழை பெய்தது. வெள்ளியன்று பழைய இடத்தைச் சுமாராகக் கணித்து மறுபடி குச்சி நட்டபோது கோரை தலைகாட்டியிருந்தது. மண்ணுக்குள் கிழங்கு இருக்கிறவரை மண்வெட்டி அதை ஒன்றும் செய்ய முடியாது. நோட்டு வைத்திருந்த பெண்ணுக்குத்தான் சிக்கல். செத்தவை ஒரு பத்தி, புதியவை ஒரு பத்தி.

"இது செத்ததா, புதுசா சார்?"

தோண்டிப் பார்க்கலாம், தோண்டினால் செடி போய்விடும். கொஞ்சம் யோசித்துவிட்டு, இரண்டு பத்திகளுக்கும் நடுவில் இருந்த கோட்டின் மேலேயே 'கோரை' என்று எழுதினாள்.