குடும்பத்தோடு காணத்தக்க படம் எது?

ஊரைவிட்டு வந்து படிக்கும் நமக்கு ஒரு பழக்கம் உண்டு. தமிழ்ப் படம் இந்நகருக்கு வந்த முதல் வாரமே ஓடிப் பார்த்துவிடுவோம். அதனால் வீட்டார் நம்மைத் தணிக்கை அதிகாரிகளாகவே ஆக்கிவிட்டார்கள். “நீதான் பார்த்துவிட்டாயே, பாட்டியையும் தங்கச்சியையும் அழைத்துப் போகலாமா?” என்று தொலைபேசியில் அம்மா கேட்கிறார். எந்தத் தேர்விலும் இத்தனை கடினமான வினா வந்ததில்லை!

தணிக்கைச் சான்றிதழ் விடை சொல்லாதா? ஓரளவு சொல்லும். ‘ஏ’ என்றால் 18 வயது நிரம்பாதவர்க்கு அரங்கில் இடமில்லை. ‘யூஏ’ என்றால் முடிவு பெற்றோர் கையில். 2023இல் வந்த சட்டத் திருத்தம் அந்த ‘யூஏ’வையும் 7, 13, 16 என வயதுவாரியாகப் பிரித்தது. நல்ல ஏற்பாடுதான். ஆயினும் சான்றிதழ் வயதை மட்டுமே அளக்கிறது. படம் நம் நெஞ்சை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது என்பதை நாமே அளக்கவேண்டும்.

2023இல் வெளிவந்த இரண்டு படங்களை எண்ணிப் பாருங்கள். ‘விடுதலை’ முதற்பாகம் ‘ஏ’ பெற்றது. காவலர்கள் எளிய மக்களை வதைக்கும்போது கண்ணை மூடிக்கொள்ளத் தோன்றுகிறது; பிறர் துன்பம் நம்மையும் சுடுகிறது. ‘ஜெயிலர்’ ‘யூஏ’ பெற்றது. அதிலே தலை வெட்டுண்டபோது நான் இருந்த அரங்கம் கைதட்டி ஆர்ப்பரித்தது. முதற்படத்தைச் சிறுவர்க்குக் காட்டலாம் என்று வாதாட வரவில்லை. கொலைக்குக் கைதட்டப் பழகுவதும் சிறுவர்க்கு ஆகாது என்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. முத்தக்காட்சி வந்தால் நம் பெரியவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். கறுத்த நிறத்தையும் பருத்த உடலையும் எள்ளி நகையாடும் காட்சி வந்தால் சேர்ந்து சிரிப்பார்கள். பக்கத்து இருக்கையில் என் தங்கை சிரிக்காமல் இருந்ததை ஒருமுறை கண்டேன். அன்றுமுதல் என் அளவுகோல் மாறிவிட்டது.

2024இல் வந்த ‘மெய்யழக’னில் இருவர் இரவெல்லாம் பேசுகிறார்கள். குழந்தைகள் நடுவில் உறங்கிவிடக்கூடும். ஆனால் படம் முடிந்தபின் வீட்டில் விட்டுப்போன உறவுகளைப் பற்றிப் பேச்செழும்.

ஆகவே நண்பர்களே, வீட்டிலிருந்து கேள்வி வந்தால் இரண்டை மட்டும் எண்ணிப் பார்த்துச் சொல்லுங்கள். இந்தப் படத்தில் நாம் யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம்? எதற்குக் கைதட்டுகிறோம்? இவ்விரண்டையும் சோற்றுத் தட்டின் முன் அமர்ந்து கூசாமல் பேச முடியுமானால், அதுவே குடும்பத்தோடு காணத்தக்க படம்.