ஆச்சி பழசு

என் லேப்டாப்பில் இரண்டு ஃபோல்டர்கள் இருந்தன. ஒன்றின் பெயர் ‘ஆச்சி’. இன்னொன்று ‘ஆச்சி பழசு’. பழசில் ஆச்சி பேசிய ஏழு ஆடியோக்கள். மற்றதில் அந்த ஏழும், கடைசி வருஷம் எடுத்த நான்கும். ஆச்சி போய் இரண்டு வருஷமாகிறது. பதிவு செய்த போனை எக்ஸ்சேஞ்சில் கொடுத்தாச்சு.

ஒரு ராத்திரி, டிஸ்கில் இடமில்லை என்று பழையதை ஒழிக்க உட்கார்ந்தேன். வேண்டாத ஃபோல்டர்களின் பெயர்ப் பட்டியலை வரிவரியாகப் படித்து, ஒவ்வொரு பெயரையும் ஒரு மாறியில் ஏற்றி, ‘ஆர்எம்’ கட்டளைக்குக் கொடுக்கும் சின்ன ஷெல் ஸ்கிரிப்ட். லினக்ஸ் டெர்மினலில் ஓட விட்டேன். ஒரே ஒரு வரி வந்தது: ‘பழசு’ என்று ஃபைலோ ஃபோல்டரோ இல்லை. போயிருச்சு போலன்னு நிம்மதியாகத் தூங்கிவிட்டேன்.

காலையில் பார்த்தால் ‘ஆச்சி பழசு’ அப்படியே இருக்கிறது. ‘ஆச்சி’யைக் காணோம். ஆர்எம் அழித்தால் குப்பைத்தொட்டிக்கெல்லாம் போகாது. பேக்கப்பும் கிடையாது.

ஆபீஸில் ஓர் அண்ணனிடம் ஸ்கிரிப்டைக் காட்டினேன். “கோட்ஸ் எங்க தம்பி?” என்றார்.

அவ்வளவுதான் விஷயம். கோட்ஸ் இல்லாத மாறியைக் கண்டால் பாஷ் ஷெல் முதலில் அதன் மதிப்பை அங்கே வைக்கும். பிறகு இடைவெளி, டேப், வரிமுறிவு எங்கெங்கே இருக்கிறதோ அங்கெல்லாம் வெட்டும். வெட்டிய துண்டில் நட்சத்திரக் குறி இருந்தால், பொருந்துகிற ஃபைல் பெயர்களையெல்லாம் இழுத்து வந்து நிரப்பும். தமிழ் எழுத்தால் ஒரு தொந்தரவும் இல்லை. யூடிஎஃப்-8-இல் நம் எழுத்துகளின் பைட் எதுவும் ஷெல்லின் விசேஷக் குறிகளோடு மோதாது. நான் விட்ட இடைவெளிதான் ஒரு பெயரை இரண்டாக்கியது. ‘ஆச்சி’ கிடைத்தது, அழித்தது. ‘பழசு’ கிடைக்கவில்லை, சொன்னது. அது சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது.

மாறியைச் சுற்றி டபுள் கோட்ஸ் போட்டிருந்தால் மதிப்பு வெட்டுப்படாமல் முழுசாகப் போயிருக்கும். சிங்கிள் கோட்ஸ் இங்கே உதவாது. அதற்குள் டாலர் குறியும் வெறும் எழுத்துதான். மாறியின் பெயரையே ஃபோல்டர் பெயரென்று எடுத்துக்கொண்டு தேடும்.

2011-இல் பம்பிள்பீ என்ற லினக்ஸ் மென்பொருளின் ஸ்கிரிப்டில், ஒரு பாதையின் நடுவே தவறி விழுந்த இடைவெளி யூஎஸ்ஆர் ஃபோல்டரையே அழித்த கதையை அண்ணன் சொன்னார். ஆறுதலுக்குத்தான். எனக்கு ஆறவில்லை.

மிச்சமிருக்கும் ஏழையும் அன்றிரவு கேட்டேன். ஆச்சி தாத்தாவோடு போட்ட சண்டையைச் சொல்கிறாள். நான் வரமாட்டேன் போன்னாரு, சரி கெடங்கன்னு நான் கெளம்பிட்டேன். இதில் கோட்ஸ் எங்கே? பேச்சு முடிகிற இடத்துக்கு ஒரு ‘ன்னு’ உண்டு. தொடங்குகிற இடத்துக்கு ஒன்றும் கிடையாது. தாத்தா பேசும்போது ஆச்சியின் குரல் கொஞ்சம் கட்டையாகும், அதை வைத்துத்தான் பிரித்துக்கொள்ள வேண்டும். சின்ன வயசிலிருந்து கேட்டதால் எனக்கு அது தானாக வருகிறது. ஷெல்லிலும் அப்படியே பழகிவிட்டேன். ‘ஆச்சி பழசு’ ஒரே பெயர்தான் என்று அதற்கும் தெரியும் என நினைத்துவிட்டேன்.

இப்போது மூன்று இடங்களில் நகல் இருக்கிறது. பெயரில் இடைவெளியை எடுத்துவிட்டு அடிக்கோடு போடச் சொன்னார் அண்ணன். நான் மாற்றவில்லை. ஒவ்வொரு முறையும் கோட்ஸ் போட்டுத்தான் திறக்கிறேன்.