காட்டுக்குள் ஒரு குடித்தனம்

ஆஸ்டினிலிருந்து 71-ஆம் எண் நெடுஞ்சாலையில் கிழக்கே ஐம்பது கிலோமீட்டர் போனால் பாஸ்ட்ரப் வருகிறது. வழி நெடுகப் புல்வெளி, குட்டையான ஓக் மரங்கள், மாட்டுப் பண்ணைகள், கார் விற்கும் மைதானங்கள். கொலராடோ ஆற்றைத் தாண்டியதும் (கிராண்ட் கேன்யனைக் குடைந்த கொலராடோ வேறு, இது டெக்சஸுக்குள்ளேயே பிறந்து ஓடுவது) சாலையின் இரண்டு பக்கமும் திடீரென்று பைன் மரங்கள். டெக்சஸின் பெரிய பைன் காடு இங்கிருந்து இன்னும் 160 கிலோமீட்டர் கிழக்கே தள்ளித்தான் தொடங்குகிறது. இடையில் பைன் காடு கிடையாது. பனியுகத்தில் இங்கே வரை பரவியிருந்த காடு பின்வாங்கியபோது, ஈரம் தாங்கும் இந்த மணற்பாங்கான நிலத்தில் ஒரு திட்டு மட்டும் தங்கிவிட்டது என்கிறார்கள். லாப்லாலி பைன் என்ற இனத்துக்கு மேற்கு எல்லை இதுதான். ஊரார் வைத்த பெயர் 'லாஸ்ட் பைன்ஸ்'. பாஸ்ட்ரப் மாநிலப் பூங்கா இருப்பது அதற்குள்.

பிப்ரவரி கடைசி வாரம், வெள்ளிக்கிழமை பிற்பகல். தம்பியின் பிக்கப் வண்டிக்குப் பின்னால் 25 அடி டிரெய்லர். உள்ளே இரட்டைக் கட்டில், பிள்ளைகளுக்கு மேலும் கீழுமாக இரண்டு படுக்கை, அடுப்பு, குளிர்சாதனப்பெட்டி, ஒருவர் திரும்பினால் முழங்கை இடிக்கும் குளியலறை. இந்த இடத்தை ஐந்து மாதத்துக்கு முன்பே பிடித்துவிட்டான். டெக்சஸ் மாநிலப் பூங்காக்களில் அவ்வளவு முன்கூட்டியே முன்பதிவு திறந்துவிடும், வார இறுதிகள் பறந்துவிடும். பூங்கா அலுவலகத்தில் அனுமதிச் சீட்டை வாங்கி முன்கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு, பைனி ஹில் என்ற முகாம் பகுதிக்குள் மெதுவாக நுழைந்தோம்.

முதல் காட்சியே பின்னோக்கி ஓட்டுவதுதான். முகாமில் ஏற்கெனவே குடியேறியவர்களுக்கு இது இலவச நாடகம். மடக்கு நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்கிறார்கள். கார் ஓட்டிப் பழகியவன் புத்தி இங்கே உதவாது. ஸ்டீயரிங்கை வலது பக்கம் திருப்பினால் டிரெய்லரின் பின்புறம் இடது பக்கம் போகும். அதனால் கையை ஸ்டீயரிங்கின் அடியில் வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். கை எந்தப் பக்கம் நகர்கிறதோ, டிரெய்லரின் வாலும் அந்தப் பக்கமே நகரும். பின்னால் நின்று கை காட்டியது தம்பியின் மனைவி. அவர்களுக்குள் ஒரே ஒரு ஒப்பந்தம்: கண்ணாடியில் அவள் தெரியவில்லை என்றால் அந்த நொடியே வண்டி நிற்க வேண்டும். கூச்சல் கிடையாது. "கத்தினா அவர் பதற்றத்துல இன்னும் கோணலாப் போவாரு மாமா" என்றாள். இரண்டு மரங்களுக்கு நடுவில், தண்ணீர்க் குழாயும் மின்பெட்டியும் இடது பக்கம் வரும்படி, வண்டி உள்ளே போய் நின்றது. பார்வையாளர்கள் சற்று ஏமாந்திருப்பார்கள்.

நின்றுவிட்டால் முடிந்தது என்று நினைத்தேன். அப்போதுதான் தொடங்கியது. முதலில் இடவலம் மட்டம் பார்க்க வேண்டும். வண்டியிலிருந்து கழற்றும் முன்பே பள்ளமான பக்கத்துச் சக்கரங்களின் அடியில் பலகை கொடுத்து ஏற்றி, மறுபக்கச் சக்கரங்களுக்கு ஆப்பு வைத்துவிட வேண்டும். பிறகுதான் கொக்கியைக் கழற்றி, முன்பக்க ஜாக்கியால் முன்பின் மட்டம். கடைசியாக நான்கு மூலையிலும் முட்டுக்கால். இந்த வரிசை மாறினால் வீடு உருண்டுவிடும் என்பதைத் தம்பி சாதாரணமாகச் சொன்னான். மட்டம் எதற்கு, இரண்டு நாள் சாய்வாகப் படுத்தால் என்ன என்று கேட்டேன். குளிர்சாதனப்பெட்டியைக் காட்டினான். பழைய வகை, மோட்டாரே கிடையாது. கேஸ் சுடரின் சூட்டில் அம்மோனியா ஆவியாகி, குளிர்ந்து, புவியீர்ப்பால் கீழே வடிந்து மறுபடி சுற்ற வேண்டும். தரை சாய்ந்திருந்தால் அது எங்காவது தேங்கி நிற்கும், சூடு ஏறும், பெட்டி கெட்டுப்போகும்.

பிறகு மின்சாரம். டிரெய்லர் 30 ஆம்பியர். அமெரிக்க மின்னழுத்தம் 120 வோல்ட். ஆக மொத்தம் 3,600 வாட். அறைச் சூடேற்றி 1,500, மைக்ரோவேவ் கிட்டத்தட்ட அதே அளவு, வெந்நீர்க் கொதிகலன் இன்னொரு 1,400. மூன்றையும் ஒன்றாகப் போட முடியாது. ஆகவே "நான் மைக்ரோவேவ் போடறேன், ஹீட்டரை நிறுத்துங்க" என்ற குரல் இரண்டு நாளும் கேட்டுக்கொண்டே இருந்தது. வீட்டில் பொத்தானைத் தட்டியதோடு மறந்துவிடும் நமக்கு, ஒவ்வொரு பொத்தானும் எவ்வளவு தின்கிறது என்பது இங்கே தெரிந்துவிடுகிறது. தண்ணீருக்கு வெள்ளைக் குழாய், குடிநீருக்கென்றே தனி. பூங்காக் குழாயின் அழுத்தம் டிரெய்லரின் மெல்லிய குழாய்களைப் பிளந்துவிடாமல் இருக்க நடுவில் ஒரு பித்தளைக் கட்டுப்படுத்தி.

அப்புறம் கழிவு. இதைச் சுற்றிவளைத்துச் சொல்ல விரும்பவில்லை. அடியில் இரண்டு தொட்டிகள்: குளியல், பாத்திரத் தண்ணீருக்கு ஒன்று, கழிப்பறைக்கு ஒன்று. கழிப்பறைத் தொட்டியின் வால்வைத் திறந்தே வைத்துவிடலாமே, நேரே சாக்கடைக்குப் போய்விடுமே என்று யாருக்கும் தோன்றும். அப்படிச் செய்தால் நீர் மட்டும் வடிந்து, மற்றது உள்ளேயே குவிந்து கெட்டியாகிவிடும். மூடியே வைத்திருந்து, நிறைந்ததும் ஒரே பாய்ச்சலாகத் திறக்க வேண்டும். அதன்பின் குளியல் தொட்டியைத் திறந்தால் அந்தத் தண்ணீர் குழாயைக் கழுவிக்கொண்டு போகும். ஐடி நிறுவனத்தில் பெரிய பதவியில் இருக்கும் என் தம்பி ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு இதைச் செய்கிறான், முகம் சுளிக்காமல். ஊரில் அவன் வீட்டுத் தொட்டியை எடுக்க யாரோ வந்தார்கள், யார் என்று யாரும் கேட்டதில்லை. இங்கே அவரவர் கழிவு அவரவர் கையில். டிரெய்லர் முகாமில் எனக்குப் பிடித்த அம்சம் இதுதான் என்று சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

காட்டுக்குப் போவது வீட்டைவிட்டு ஓடுவதற்கு என்று நினைத்திருந்தேன். இங்கே நூறு அடிக்கு ஒரு வீடு நிற்கிறது, எல்லாரும் அதைக் கழுவித் துடைத்து மட்டம் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இதற்கு எதற்குக் காடு என்று அன்று மாலை எனக்குள் ஒரு கேலி இருந்தது. மறுநாள் காலை நடக்கப் போனபோது அது போய்விட்டது. காரணம், இந்தக் காடும் அப்படித்தான் நிற்கிறது. யாரோ தினமும் வேலை செய்துகொண்டிருக்கிறார்கள்.

நடைபாதையில் கொஞ்ச தூரத்திலேயே கருகிய அடிமரங்கள். பட்டை உரிந்து வெளுத்துப்போன சில இன்னும் செங்குத்தாக நிற்கின்றன, பல விழுந்து மட்கிக்கொண்டிருக்கின்றன. 2011 செப்டம்பர் 4. அந்த ஆண்டு டெக்சஸில் வரலாறு காணாத வறட்சி. 'லீ' என்ற வெப்பமண்டலப் புயல் லூசியானா பக்கம் கரையேறியது. இந்தப் பக்கம் மழையைத் தராமல் காற்றை மட்டும் அனுப்பியது. அந்தக் காற்றில் காய்ந்த மரங்கள் மின்கம்பிகள் மேல் விழுந்தன. சுமார் 34,000 ஏக்கர் எரிந்தது. 1,600-க்கும் அதிகமான வீடுகள் போயின. டெக்சஸ் வரலாற்றில் அதுவரை இவ்வளவு வீடுகளை எந்தக் காட்டுத்தீயும் அழித்ததில்லை. பூங்காவின் 96 சதவீதத்தை நெருப்பு தொட்டது. தீ தின்ற நிலம் தண்ணீரைப் பிடித்து வைக்காது. 2015 மே மாத வெள்ளத்தில் பூங்கா ஏரியின் அணையும் உடைந்தது.

இப்போது அந்த வெளுத்த மரங்களுக்கு நடுவே இளம் பைன்கள், ஆள் உயரத்தைத் தாண்டி, சில இடங்களில் வீட்டு உயரம். தானாக முளைத்தவை சில. மற்றவை நட்டவை. விதைக்கு ஒரு கதை இருக்கிறது. வறட்சி தாங்கும் இந்தத் திட்டின் விதையை வேறிடத்துப் பைன் விதையால் ஈடுகட்ட முடியாது. மாநில வனத்துறையின் குளிர்கிடங்கில் அரை டன் அளவுக்கு இந்த விதை பழைய சேமிப்பாகக் கிடந்தது. வாங்க ஆளில்லை என்று குப்பைக்கு அனுப்ப இருந்த நேரத்தில்தான் தீ வந்தது. அந்த விதையில் வளர்த்த நாற்றுகளைத் தன்னார்வலர்களும் பள்ளிப் பிள்ளைகளும் குனிந்து குனிந்து ஆண்டுக்கணக்கில் நட்டிருக்கிறார்கள்.

நட்டதோடு விடவும் முடியாது. பைன்களின் அடியில் யோபான் என்ற புதர் நெருக்கமாகப் படர்கிறது. அதை அப்படியே விட்டால் அடுத்த தீ அதன்மேல் ஏறித்தான் மரத்தின் தலைக்குப் போகும். எனவே குளிர்காலத்தில் பூங்காக்காரர்களே காற்றும் ஈரமும் பார்த்து அளவாகத் தீ வைக்கிறார்கள். ஒரு சரிவு முழுக்கக் கரிய தரையாக இருந்ததைப் பார்த்துப் பதறினேன். போன மாதம் திட்டமிட்டு எரித்ததாம். யோபானின் இலையில் காஃபீன் உண்டு. பூர்வகுடிகள் அதைக் காய்ச்சிக் குடித்திருக்கிறார்கள், இப்போது டீத்தூளாகவும் விற்கிறார்கள். தம்பி டிரெய்லரில் ஒரு பொட்டலம் வைத்திருந்தான். பரவாயில்லை ரகம். பாலோடு சேராது.

காட்டுக்கு நடுவில் கல் வீடுகள். செந்நிற மணற்கல்லும் மரமும் கொண்டு, தரையிலிருந்தே எழுந்தவைபோலத் தாழ்வாகக் கட்டியவை. 1930-களின் பொருளாதார மந்தத்தில் அதிபர் ரூஸ்வெல்ட் தொடங்கிய சிசிசி என்ற வேலைவாய்ப்புப் படையின் வேலை இது. திருமணமாகாத, வேலையில்லாத இளைஞர்கள். மாதச் சம்பளம் 30 டாலர், அதில் 25 நேரே வீட்டுக்குப் போய்விடும். அப்படிப்பட்ட இரண்டு அணிகள் 1933 முதல் இங்கே முகாமிட்டுச் சாலை போட்டு, கல் வெட்டி, உணவு மண்டபம் எழுப்பின. மண்டபத்தின் நாற்காலி, மேஜைவரை இங்கே இருந்த மரப் பட்டறையில் செய்தவை; மற்றப் பூங்காக்களுக்கும் இங்கிருந்தே அறைகலன்கள் போயிருக்கின்றன. ஒரு நாற்காலியின் கைப்பிடியைத் தடவிப் பார்த்தேன். ஆணி தெரியவில்லை, தச்சனின் பொறுமை தெரிந்தது. 2011 தீயில் சுற்றிலும் காடு எரிந்தபோது தீயணைப்பு வீரர்கள் இந்தக் கட்டடங்களைச் சுற்றி நின்று காப்பாற்றினார்கள். 1997-லேயே தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்ட இடம்.

பக்கத்து பியூஷர் பூங்காவுக்கு 1சி என்ற சாலை இருபது கிலோமீட்டர் போல வளைந்து போகிறது. குன்றை வெட்டாமல், குன்று சொல்கிற பக்கம் திரும்பும் சாலை. டிரெய்லரை இழுத்துக்கொண்டு அதில் போவது அறிவுடைமை அல்ல. ஆனால் டிரெய்லரின் வசதியே வீட்டை முகாமில் விட்டுவிட்டு பிக்கப்பை மட்டும் எடுத்துக்கொண்டு சுற்றலாம் என்பதுதான். பெரிய மோட்டார்ஹோம் வைத்திருப்பவர்கள், பின்னால் ஒரு காரையும் இழுத்து வராவிட்டால், பால் பாக்கெட் வாங்குவதற்கும் வீட்டையே கிளப்ப வேண்டும்.

சனிக்கிழமை இரவு இரும்பு வளையத்துக்குள் நெருப்பு. விறகு கடையில் வாங்கியதுதான். காட்டில் விழுந்த சுள்ளியைப் பொறுக்கக்கூடத் தடை. மட்கினால்தான் மண்ணுக்கு உணவு. கம்பியடுப்பில் கோழி, வெளி அடுப்பில் தோசைக்கல். பத்து மணிக்கு அமைதி நேரம் தொடங்குகிறது, காலை ஆறுவரை. அமெரிக்கர்கள் இதை ஆச்சரியப்படும் அளவுக்கு மதிக்கிறார்கள்; பத்தடித்ததும் நாய்கூடக் குரைக்கவில்லை. அப்போது தூரத்தில் ஒரு நீண்ட ரீங்காரம். ஹூஸ்டன் தேரையாக இருக்குமோ என்று தம்பி மகள் எழுந்துவிட்டாள். 1970-லேயே அழிவின் விளிம்பில் உள்ள உயிரினப் பட்டியலில் சேர்ந்தது அது. உலகில் எஞ்சியவற்றின் முக்கியமான வாழிடம் இந்த மாவட்டம்தான். பிப்ரவரி, மார்ச்சில் ஆண் தேரைகள் குட்டைகளின் ஓரம் நின்று இணையைக் கூப்பிடும். ஹூஸ்டன் உயிரியல் பூங்காவில் இனப்பெருக்கம் செய்து முட்டைச் சரங்களை இந்தப் பக்கத்துக் குட்டைகளில் கொண்டுவந்து விடுகிறார்கள். தேரைக்கும் நாற்றங்கால்! நாங்கள் கேட்டது தேரையா, யாருடைய கொதிகலனோ என்று தம்பி மனைவிக்குச் சந்தேகம். அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

ஞாயிறு நண்பகலுக்குள் இடத்தைக் காலி செய்ய வேண்டும். வந்தபோது செய்த அத்தனையும் தலைகீழாக. முகாமின் காப்பாளர், ஓய்வுபெற்ற ஒரு பெரியவர், வாரிக்கோலோடு வந்து நின்றார். அவரும் மனைவியும் தங்கள் டிரெய்லரில் மாதக்கணக்கில் இங்கே தங்குகிறார்கள். இடம் இலவசம், பதிலுக்கு வாரத்துக்கு இத்தனை மணி நேரம் பூங்கா வேலை. அடுத்தவர்கள் இரண்டு மணிக்கு வந்துவிடுவார்கள், அதற்குள் சாம்பலை அள்ள வேண்டும் என்றார். தம்பி கையுறையை மாட்டிக்கொண்டு இன்னொரு ஜோடியை என் பக்கம் நீட்டினான். "முதல்ல எந்த வால்வுண்ணே?" என்று கேட்டான், பரீட்சை வைப்பவன் தோரணையில்.

சரியாகச் சொன்னேன்.